கையை எப்போது எடுப்பது? பதின்வயது சிறப்புப் பிள்ளைகளுக்கு அன்றாட வேலைகளைப் பழக்க முழுமையான வழிகாட்டி

என் மகனுக்கு 17 வயது. ஆட்டிசமும் அறிவுத்திறன் குறைபாடும் உண்டு. பேச்சு இரண்டு மூன்று சொற்களோடு நின்றுவிடும். 12 வயது வரை அவனைக் குளிப்பாட்டியது நான்தான். இன்று அவனே குளிக்கிறான், தோசை ஊற்றுகிறான், தெருமுனைக் கடைக்குப் போய்ப் பால் வாங்கி வருகிறான். பஸ்ஸில் தனியாகப் போவது மட்டும் பாதிப் பழக்கத்தில் இருக்கிறது.

இந்த ஐந்து வருடமாகச் சனிக்கிழமைகளில் மற்ற பெற்றோர்களோடு உட்கார்ந்து இதையே பேசி வருகிறேன். பெரும்பாலானவர்கள் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். பிள்ளைக்கு என்ன கற்றுக்கொடுப்பது என்று யோசித்து வைத்திருப்பார்கள். தாங்கள் கொடுக்கும் உதவியை எந்த வரிசையில் எடுப்பது என்று யோசித்திருக்க மாட்டார்கள். கீழே நான் எழுதுவது பெரும்பாலும் அந்த வரிசையைப் பற்றித்தான். 12 முதல் 18 வயதுப் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதுகிறேன்.

1. முதல் ஒரு வாரம் பார்த்து எழுதுங்கள்

முதல் வாரம் எதையும் கற்றுக்கொடுக்க வேண்டாம். காலையில் எழுவதிலிருந்து இரவு படுப்பது வரை பிள்ளைக்காக நடக்கும் வேலைகளை ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே இந்த நான்கில் ஒன்றைக் குறியுங்கள்: தானே செய்கிறான், சொன்னால் செய்கிறான், கையைப் பிடித்தால் செய்கிறான், நாம்தான் செய்கிறோம்.

நாம் நினைத்துக்கொண்டிருப்பது வேறு, வீட்டில் நடப்பது வேறு. "என் பெண் தானே சாப்பிடுவாள்" என்று ஒரு அம்மா உறுதியாகச் சொன்னார். நோட்டு எழுதிய பிறகுதான் அவருக்கே தெரிந்தது, சாதத்தைப் பிசைந்து உருண்டை பிடித்து வைப்பது அவர். எடுத்து வாயில் போடுவது மட்டும்தான் பெண்.

அதே வாரத்தில் உடம்பையும் கவனித்துவிடுங்கள். கண், காது பரிசோதித்து எத்தனை வருடம் ஆயிற்று? பல் வலி, மலச்சிக்கல் இருக்கிறதா? இந்தப் பிள்ளைகளுக்கு வலிப்பு மற்றவர்களைவிட அதிகம் வருகிறது. பதின்வயதில் புதிதாகத் தொடங்குவதும் உண்டு. வலிப்பு இருந்தால் குளியலறை, அடுப்பு, சாலை மூன்றையும் மருத்துவரிடம் பேசிய பிறகே தொடங்குங்கள். மாத்திரை போட்டுத் தூக்கம் சொக்கும் நேரத்தில் பயிற்சி வைத்தால், அதைப் பிடிவாதம் என்று தப்பாக எடுத்துக்கொள்வோம்.

கைப்பிடிப்பு, உடல் சமநிலை பற்றிச் சந்தேகம் இருந்தால் ஒரு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டிடம் (அன்றாட வேலைகளுக்கான கை, உடல் அசைவுகளைப் பழக்கும் சிகிச்சையாளர்) ஒரு முறை காட்டுங்கள். பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைக் கவனிக்க மாவட்ட அளவில் உள்ள தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் (DEIC) 18 வயது வரை பார்க்கின்றன. சென்னைப் பக்கம் இருப்பவர்கள் முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்காக இருக்கும் மத்திய அரசின் தேசிய நிறுவனத்துக்குப் (NIEPMD) போகலாம்.

இன்னொரு வேலை, வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசுவது. நீங்கள் காலையில் விலக்கிய உதவியைப் பாட்டி மாலையில் திருப்பிக் கொடுத்தால், யாரிடம் காத்திருந்தால் வேலை நடக்கும் என்பதைத்தான் பிள்ளை கற்றுக்கொள்ளும். "பாவம், குழந்தை" என்று பாட்டி சொல்வது பாசத்தில்தான். அதனால் பாட்டியைத் தள்ளி நிறுத்தாமல் அவருக்கும் ஒரு பொறுப்பு கொடுங்கள். எங்கள் வீட்டில் பிள்ளை முடித்த படிகளுக்கு டிக் போடுவது என் மாமியார். கையில் பேனா இருந்ததால் உதவப் போகும் கை தானாகவே குறைந்தது.

2. ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள்

நோட்டில் நாற்பது வேலைகள் இருக்கும். அதில் ஒன்றை மட்டும் எடுங்கள். ஒரே நேரத்தில் மூன்றைத் தொடங்கிய வீடுகளில், நான் பார்த்தவரை, இரண்டாம் வாரமே மூன்றும் நின்றுவிடுகின்றன.

எதை எடுப்பது? நான் முதலில் கேட்பது: இந்த வேலையைப் பிள்ளை செய்யாவிட்டால் அதை வேறு யாராவது செய்தே ஆக வேண்டுமா? கழிவறைக்குப் போய்க் கழுவிக்கொள்வது, குளியல், உடை, சாப்பாடு எல்லாவற்றுக்கும் பதில் "ஆமாம்". பத்து நிறங்களின் பெயரைச் சொல்வதற்கு "இல்லை". 15 வயதுப் பிள்ளையிடம் இன்னும் நிறமும் வடிவமும் கேட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்தால் எனக்கு மனம் கனத்துப்போகும். அந்த நேரத்தில் அவன் கால்சட்டை ஜிப்பைப் போடப் பழகியிருக்கலாம்.

அதில் தேறியவற்றில் தினமும் நடக்கும் வேலையை எடுங்கள். வாரம் ஒரு முறை வரும் வேலையில் கை பழக மாதக்கணக்காகும். முடிவில் பிள்ளைக்குப் பிடித்தது ஏதாவது கிடைப்பதாகவும் இருக்கட்டும். தப்பினால் காயம் படாத வேலையாக இருப்பதும் முக்கியம். முதல் வேலையே கேஸ் அடுப்பாக இருக்க வேண்டாம்.

3. வேலையை நீங்களே செய்து பார்த்துப் படிகளாக எழுதுங்கள்

உட்கார்ந்த இடத்திலிருந்து எழுதினால் குளியல் நான்கு படியில் முடிந்துவிடும்: தண்ணீர் ஊற்று, சோப்பு போடு, அலசு, துவட்டு. நீங்களே வாளியும் மக்கும் வைத்துக் குளித்துப் பார்த்து எழுதினால் இருபதுக்கும் மேலே போகும். பிள்ளை மாட்டிக்கொள்வது நாம் எழுதாமல் விட்ட படியில்தான்.

என் மகன் கதையைச் சொல்கிறேன். "உடம்பெல்லாம் சோப்பு போடு" என்று ஒரு படி எழுதியிருந்தேன். அவன் பத்து நிமிடம் வயிற்றை மட்டும் தேய்த்துக்கொண்டு நின்றான். அவனைப் பொறுத்தவரை சொன்னதைச் செய்துகொண்டிருந்தான். "உடம்பெல்லாம்" என்பது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? பிறகு அதை எட்டாகப் பிரித்தேன்: கழுத்து, இடது கை, இடது அக்குள், வலது கை, வலது அக்குள், நெஞ்சும் வயிறும், தொடை இடுக்கு, இரண்டு கால். ஒவ்வொரு இடத்திலும் ஐந்து முறை தேய்க்க வேண்டும். எண்ணத் தெரியாத பிள்ளைக்கு நாம் தட்டும் தாளமே போதும்.

அலசுவதிலும் இதே கதை. அவன் தண்ணீரை முன்பக்கம் மட்டுமே ஊற்றினான். முதுகில் சோப்பு காய்ந்து அரிப்பு வந்தது. மக்கைத் தோளுக்கு மேலே தூக்கிப் பின்னால் சாய்ப்பது தனி அசைவு, தனிப் படி. வெற்று மக்கை வைத்து ஹாலில் நின்று அதை மட்டும் நான்கு நாள் பழகினோம். பிறகு தலைக்கு மூன்று மக், இடது தோளில் இரண்டு, வலது தோளில் இரண்டு என்று எண்ணிக்கை வைத்தோம். இந்த எண்ணிக்கை இல்லாவிட்டால் வாளி காலியாகும் வரை ஊற்றுவான், அல்லது ஒரு மக்கோடு வெளியே வந்துவிடுவான்.

வரிசையை ஒரு முறை எழுதிவிட்டால் வீட்டில் யாரும் மாற்றக் கூடாது. அப்பா காலில் தொடங்கி, அம்மா தலையில் தொடங்கினால் பிள்ளைக்கு அது இரண்டு வெவ்வேறு வேலை.

4. முதலில் கடைசிப் படியைக் கொடுங்கள்

நாம் வழக்கமாக முதல் படியிலிருந்து கற்றுக்கொடுப்போம். பாதியில் பிள்ளை களைத்துப்போகும், மீதியை நாம் முடிப்போம். தான் தொடங்கியதை யாரோ முடிப்பதைத்தான் தினமும் பார்க்கும். இதைத் திருப்பிப் போடுங்கள். எல்லாப் படியையும் நீங்கள் செய்து, கடைசிப் படியை மட்டும் பிள்ளைக்கு விடுங்கள்.

தோசையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் வெந்த தோசையைக் கரண்டியால் தட்டுக்குத் தள்ளுவது மட்டும் அவன் வேலை. தள்ளியதும் உட்கார்ந்து சாப்பிடலாம். அது பழகிய பிறகு ஓரத்தைக் கிளப்பி எடுப்பது, அப்புறம் எண்ணெய் விடுவது, அப்புறம் மாவை ஊற்றி வட்டமாக இழுப்பது. கல் காய்ந்ததா என்று தண்ணீர் தெளித்துப் பார்ப்பது அதற்கும் பிறகு. அடுப்பைப் பற்றவைப்பது எல்லாவற்றுக்கும் கடைசி. என் மகன் அந்தப் படிக்கு வர ஏழு மாதம் ஆனது. ஆனால் முதல் நாளிலிருந்தே தன் தோசையைத் தானே தட்டில் போட்டுத்தான் சாப்பிட்டான்.

வட்டமாக இழுப்பதில்தான் பலர் பொறுமை இழக்கிறார்கள். வட்டம் வராவிட்டால் போகட்டும், அடையாக ஊற்றட்டும். கரண்டியை அழுத்தாமல் சுற்றும் பழக்கம் மணிக்கட்டுக்கு மெதுவாகத்தான் வரும்.

எல்லா வேலைக்கும் இது பொருந்தாது. சாலையைக் கடப்பதைத் துண்டு துண்டாகப் பழக்க முடியாது. அதை முழுதாக, கையைப் பிடித்தபடி, பல மாதம் செய்ய வேண்டும். குளியலில் ஒவ்வொரு படியும் தனித்தனியானது என்பதால் எளிய படிகளை அவனிடமும் கடினமானவற்றை உங்களிடமும் வைத்துத் தொடங்கலாம். உடை, சமையல், படுக்கை மடிப்பது போன்றவற்றுக்குப் பின்னாலிருந்து வருவதே நல்லது.

5. உதவியை இறக்கும் வரிசை: கை, சைகை, படம், மௌனம்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

உதவி பல அளவில் இருக்கிறது. மிகப் பெரியது, பின்னால் நின்று அவன் கை மேல் நம் கையை வைத்துச் செய்வது. அடுத்தது, மணிக்கட்டையோ முழங்கையையோ லேசாகத் தொட்டுத் தொடங்கிவைப்பது. அதற்கு அடுத்து, நாம் செய்து காட்டுவது. அப்புறம் விரலால் சுட்டுவது. அப்புறம் சுவரில் ஒட்டிய படம். பிள்ளைக்குப் புதிய படி என்றால் மேலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக இறங்குங்கள்.

எப்போதும் பின்னால் அல்லது பக்கவாட்டில் நில்லுங்கள். எதிரே நின்றால் பிள்ளை வேலையைப் பார்க்காமல் உங்கள் முகத்தைப் பார்க்கும். "சரியா?" என்று உங்கள் புருவத்திலிருந்து பதில் தேடும்.

சொல்லை நான் ஏணியில் சேர்க்கவில்லை, காரணம் இருக்கிறது. உதவிகளிலேயே எடுக்கக் கடினமானது பேச்சு. கையை எடுத்தால் எடுத்தது நமக்கே தெரியும். வாய் தன்னையறியாமல் பேசிக்கொண்டிருக்கும்.

எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு வரும் ஒரு பையன் கை கழுவும் வேலையின் ஒன்பது படியையும் தெரிந்து வைத்திருந்தான். குழாயைத் திறப்பான், நின்று அம்மாவைத் திரும்பிப் பார்ப்பான். அம்மா "அப்புறம்?" என்பார். கையை நனைப்பான், திரும்பிப் பார்ப்பான். "அப்புறம்?" சோப்பை எடுப்பான். அந்த அம்மா இரண்டு வருடமாகத் தான் உதவி செய்யவே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார். "அப்புறம்?" என்ற சொல்லே ஒவ்வொரு படிக்கும் நடுவில் ஒரு படியாக ஒட்டிக்கொண்டது. அது வராமல் அடுத்தது நடக்காது.

அதை எடுத்த விதம் இது. ஒன்பது படத்தைக் குழாய்க்கு மேலே வரிசையாக ஒட்டினோம். அவன் திரும்பும்போது அம்மா பேசாமல், முகத்தைப் பார்க்காமல், பின்னாலிருந்து அவன் முழங்கையை அடுத்த படத்தின் பக்கம் லேசாகத் திருப்பினார். ஒரு வாரம் கழித்துக் கதவருகே நின்றார். அப்புறம் கதவுக்கு வெளியே. அதன் பிறகு சமையலறையில் தன் வேலையைப் பார்த்தார். ஆறு வாரம் ஆனது. முதல் நான்கு நாள் அவன் அழுதான். அம்மாவும் தாங்க முடியாமல் அழுதார். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

காத்திருப்பதையும் பழகிக்கொள்ளுங்கள். ஒரு படி முடிந்து அடுத்தது தொடங்க இந்தப் பிள்ளைகளுக்கு நேரம் வேண்டும். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். பெரும்பாலானோர் மூன்றிலேயே கையை நீட்டிவிடுகிறார்கள். ஏழாவது எண்ணில் அவன் கை நகர்ந்திருக்கும்.

தப்பாகச் செய்தால் "இல்லை, தப்பு" என்று சொல்ல வேண்டாம். ஒரு படி பின்னால் போய், இந்த முறை சற்று அதிக உதவியோடு சரியாக முடிக்க வையுங்கள். தப்பைச் செய்து, திட்டு வாங்கி, பிறகு திருத்தினால் அந்த மொத்தமும் ஒரே பழக்கமாக ஏறிவிடும்.

பாராட்டும் அளவோடு இருக்கட்டும். ஒவ்வொரு படிக்கும் கைதட்டினால் கைதட்டலும் இன்னொரு "அப்புறம்?" ஆகிவிடும். முடிந்த பிறகு ஒரு முறை, எதற்காக என்று சொல்லிப் பாராட்டுங்கள்.

6. பொருளை மாற்றினால் பாதி வேலை முடியும்

பிள்ளையை மாற்றப் பார்ப்பதற்கு முன் பொருளை மாற்ற முடியுமா என்று பாருங்கள். வழுக்கும் சோப்புக்குப் பதில் கைத்துண்டைப் பைபோல் தைத்து அதற்குள் சோப்பைப் போட்டுவிடலாம். ஷாம்பு பாக்கெட்டைப் பல்லால் கிழிக்கத் தெரியாவிட்டால் பம்ப் பாட்டில், ஒரு அழுத்து போதும். பட்டன் கால்சட்டைக்குப் பதில் எலாஸ்டிக். ஷூ லேசுக்காக இரண்டு வருடம் தெரபி செய்வதைவிட ஒட்டும் பட்டை வைத்த ஷூ மேல்.

பனியனின் முன்பின் தெரியாவிட்டால் பின்கழுத்தில் சிவப்பு நூலால் ஒரு தையல் போடுங்கள். சுடுதண்ணீர் பயமாக இருந்தால் வாளியில் இரண்டு கோடு வரையுங்கள்: முதல் கோடு வரை பச்சைத் தண்ணீர், அதற்கு மேல் இரண்டாம் கோடு வரை சுடுதண்ணீர். பச்சைத் தண்ணீர்தான் எப்போதும் முதலில்.

7. உடம்பு, கதவு, மாதவிடாய்

15 வயதிலும் யார் வேண்டுமானாலும் ஆடையைக் கழற்றிக் கழுவிவிடலாம் என்று பழகிய பிள்ளைக்கு, தப்பான கை எது என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. குளியலையும் கழிவறையையும் முதலில் எடுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே பெரிய காரணம்.

உதவி இன்னும் தேவை என்றால் யார் செய்யலாம் என்று இரண்டு பேரை மட்டும் தீர்மானித்து, அவர்கள் படத்தைக் குளியலறைக் கதவில் ஒட்டுங்கள். அவர்களும் கதவைத் தட்டி, "கழுவிவிடட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும். கதவை மூடுவதைத் தனிப் படியாகப் பழக்குங்கள். வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய பூட்டு போடுங்கள். வலிப்பு உள்ள பிள்ளை தாழ்ப்பாள் போடவே வேண்டாம், கதவைச் சாத்தினால் போதும். பாதுகாப்பு பற்றி உங்களுக்குச் சந்தேகம் வந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள். 18 வயதுக்குக் கீழே உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பொருந்தும்.

பெண் பிள்ளைக்கு மாதவிடாய் வரும் முன்பே நாப்கின் பழக்கத்தைத் தொடங்குங்கள். உள்ளாடையில் நாப்கின் உட்கார வேண்டிய இடத்தைச் சுற்றி வண்ண நூலால் தையல் போட்டுவிட்டால் அதற்குள் பொருத்துவது எளிது. மாதம் மூன்று நாள் கட்டி அப்படியே இருந்து பழகட்டும். சில பெண்களுக்கு அந்த உரசலே தாங்காது. ரத்தமும் வலியும் சேரும் முன் அது பழகியிருக்க வேண்டும். மாற்றும் நேரத்தைக் கறையை வைத்துச் சொல்லாதீர்கள். எழுந்ததும், மதியச் சாப்பாட்டுக்கு முன், மாலை வந்ததும், படுக்கும் முன் என்று வேலைகளோடு கட்டிவையுங்கள். பழையதைத் தாளில் சுற்றித் தொட்டியில் போட்டுக் கை கழுவுவது வரை அதே வேலைதான்.

ஆண் பிள்ளையோ பெண் பிள்ளையோ தன் உடம்பைத் தொட்டுக்கொள்வதைப் பார்த்துப் பல பெற்றோர் பதறுகிறார்கள். அடித்தாலும் அது நிற்காது, ஒளிந்து செய்வதாக மாறும். இது ஹாலில் இல்லை, உன் அறையில், கதவு மூடி என்று இடத்தை மட்டும் அமைதியாகத் திருத்துங்கள்.

8. கடைக்குப் போய் வருவது

கடைக்குப் போவது பல வேலைகளின் கூட்டு. அதனால் ஒன்றன் பின் ஒன்றாகப் பழக்குங்கள்.

முதலில் பட்டியல். எழுத்து தெரியாத பிள்ளைக்குக் காலிப் பால் பாக்கெட்டைக் கழுவி, கத்தரித்துக் கையில் கொடுங்கள். அதே பச்சைப் பாக்கெட்டை நீட்டினால் கடைக்காரருக்கும் புரியும், பேச்சு வராத பிள்ளையும் கேட்டதாகிவிடும். பருப்பு, சோப்பு எல்லாவற்றுக்கும் இப்படி அட்டைகளைச் சேர்த்து ஒரு வளையத்தில் கோத்து வைத்திருக்கிறோம்.

அடுத்து பணம். கூட்டல் கழித்தல் தெரிந்த பிறகு கடைக்கு அனுப்பலாம் என்று காத்திருந்தால் வயது போய்விடும். மூன்று கட்டமாகப் போங்கள். முதல் கட்டம்: சரியான தொகையை ஒரு சின்னப் பையில் போட்டு அனுப்புவது, மீதியே வராது. இரண்டாவது: மீதி வரும், ஆனால் எண்ண வேண்டாம், வாங்கிப் பையில் போட்டு வந்தால் போதும். மூன்றாவது: பத்து ரூபாய் நோட்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு "அடுத்த பத்து" கொடுப்பது. விலை 27 என்றால் இருபதுக்கு இரண்டு நோட்டு, கூட ஒன்று. 34 என்றால் மூன்று நோட்டு, கூட ஒன்று. சில்லறைக் கணக்கே தெரியாமல் வாழ்நாள் முழுதும் இதை வைத்தே கடைக்குப் போய்ப் பொருள் வாங்கி வரலாம்.

நோட்டுகளில் ஒரு சிக்கல் இருக்கிறது. இப்போதைய வரிசையில் 10 பழுப்பு, 50 நீலம், 100 லாவண்டர், 500 சாம்பல் நிறம். ஆனால் 20 பச்சை கலந்த மஞ்சள், 200 பளிச்சென்ற மஞ்சள். நிறத்தை மட்டும் பழக்கினால் இந்த இரண்டும் குழம்பும். பழைய வரிசை 100 வேறு நிறம், அதுவும் செல்லும். அதனால் 200, 500 இரண்டையும் பயிற்சிப் பையில் வைக்கவே வேண்டாம். 1 ரூபாய், 2 ரூபாய் நாணயங்களும் பார்க்க ஒரே மாதிரி, அவற்றையும் பிறகு பார்க்கலாம். 10 ரூபாய் நாணயம் செல்லும் என்று ரிசர்வ் வங்கி பல முறை சொல்லியும் வாங்க மறுக்கும் கடைகள் இருக்கின்றன. உங்கள் கடையில் அப்படி என்றால் நோட்டாகவே கொடுங்கள்.

மூன்றாவதாக, கடைக்காரர். முன்பே தனியாகப் போய்ப் பேசுங்கள். கூட்டமில்லாத நேரம் எது என்று கேளுங்கள். அவன் கேட்கும் வரை பொருளை எடுத்துத் தர வேண்டாம், என்னைப் பார்த்துக் கேட்காமல் அவனைப் பார்த்துக் கேளுங்கள், சாக்லேட் சும்மா கொடுக்காதீர்கள் என்று சொல்லுங்கள். எங்கள் அண்ணாச்சிக்கு மூன்றாவதுதான் கஷ்டமாக இருந்தது, அவ்வளவு பிரியம் அவருக்கு. ஆனால் ஒரு கடையில் சாக்லேட் சும்மா கிடைத்தால் எல்லாக் கடையிலும் கையை நீட்டுவான்; மற்ற இடத்தில் அதற்குப் பெயர் திருட்டு.

அப்புறம் நீங்கள் விலகுவது. பக்கத்தில், கடை வாசலில், எதிர்ப்பக்கத்தில், தெரு முனையில், கடைசியில் வீட்டு வாசலில். ஒவ்வொரு இடத்திலும் தொடர்ந்து ஐந்து நாள் சரியாக நடந்தால் அடுத்ததுக்குப் போகலாம்.

இதோடு முடிந்தது என்று நினைத்த நேரத்தில்தான் எங்களுக்கு ஒரு பாடம் கிடைத்தது. ஒரு நாள் பாலுக்குப் போனவன் இருபது நிமிடம் ஆகியும் வரவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் இறக்கிய ஷட்டருக்கு எதிரே பாக்கெட் அட்டையை நீட்டியபடி நிற்கிறான். கடை மூடியிருந்தால் திரும்பி வர வேண்டும் என்று நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை. அதன் பிறகு வேண்டுமென்றே கோளாறுகளைப் பழக்கினோம்: கடை மூடியிருக்கும் நேரம் பார்த்து அனுப்பினோம், "பால் தீர்ந்துபோச்சு" என்று அண்ணாச்சியைச் சொல்ல வைத்தோம், வரிசையில் மூன்று பேர் நிற்கும் நேரத்தில் போனோம். ஒவ்வொன்றையும் முதலில் நான் பக்கத்தில் இருந்தே செய்தோம்.

9. பஸ்

கடை பழகிய பிறகு பஸ்ஸுக்கு வாருங்கள், அதற்கு முன் வேண்டாம். ஒரே தடம், ஒரே நேரம், கூட்டமில்லாத பதினொரு மணி வாக்கில். இறங்கும் நிறுத்தத்தின் பெயரைவிட அதற்கு முன் ஜன்னலில் தெரியும் அடையாளம் முக்கியம்: ஒரு கோயில் கோபுரம், ஒரு பெட்ரோல் பங்க். அதைப் பார்த்ததும் எழுந்து கம்பியைப் பிடிக்க வேண்டும்.

பக்கத்தில் உட்காருங்கள், பிறகு பின் இருக்கையில், பிறகு பஸ்ஸின் மறுகோடியில். அதற்கும் பிறகு ஒருவர் ஏற்றிவிட, இன்னொருவர் இறங்கும் இடத்தில் நிற்பது. நாங்கள் இப்போது மறுகோடி வரை வந்திருக்கிறோம். சட்டைப் பையில் பெயர், இரண்டு தொலைபேசி எண்கள் எழுதிய அட்டை எப்போதும் இருக்கட்டும். அதை எடுத்து நடத்துநரிடம் நீட்டுவதையும் ஒரு வேலையாகவே பழக்குங்கள். தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் 2021 முதல் கட்டணம் இல்லை. அடையாள அட்டையை மறக்காதீர்கள்.

10. நின்றுபோனால், பின்னால் போனால்

காய்ச்சல், வீடு மாறுதல், பள்ளி விடுமுறை, ஊர்த் திருவிழா எதுவும் பழக்கத்தைக் குலைக்கும். அப்போது முதலிலிருந்து தொடங்க வேண்டாம். உதவியில் ஒரு படி மேலே ஏறி இரண்டு மூன்று நாள் செய்து மறுபடி இறங்குங்கள்.

ஒரே படியில் இரண்டு வாரம் நின்றால் குற்றம் படியில்தான். அதை இரண்டாக உடையுங்கள், அல்லது பொருளை மாற்றுங்கள். திடீரென்று கத்தல், கடித்துக்கொள்ளல் வந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு முதலில் உடம்பைப் பாருங்கள். காது வலியையும் பல் வலியையும் சொல்லத் தெரியாத பிள்ளைகள் அப்படித்தான் சொல்கிறார்கள்.

தினமும் டிக் போடுங்கள்; படியும், அன்று எந்த உதவி தேவைப்பட்டது என்பதும் போதும். நீண்ட குறிப்பு எழுதத் தொடங்கியவர்கள் பத்து நாளில் நிறுத்திவிடுகிறார்கள். மூன்று வெவ்வேறு ஆட்களோடு, இரண்டு வெவ்வேறு இடங்களில் செய்தால்தான் பழகியதாகக் கணக்கு. வீட்டுக் குளியலறையில் குளிக்கும் பிள்ளை சித்தி வீட்டு ஷவருக்குக் கீழே திகைத்து நிற்கும்.

11. 18க்கு முன் கையெழுத்தும் காகிதமும்

18 முடிந்ததும் சட்டப்படி உங்கள் பிள்ளை பெரியவர். பெற்றோர் என்பதாலேயே காப்பாளர் ஆகிவிட மாட்டீர்கள். ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ், மாவட்ட ஆட்சியர் அங்கம் வகிக்கும் உள்ளூர்க் குழுவிடம் சட்டக் காப்பாளராக விண்ணப்பிக்கலாம். மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையை (UDID) அதற்கு முன்பே வாங்கி வையுங்கள்.

கையெழுத்தை 16 வயதிலேயே தொடங்கலாம். முழுப் பெயர் வேண்டாம், மூன்று எழுத்து போதும், ஆனால் எப்போதும் ஒரே மாதிரி வர வேண்டும். ஒரு அட்டையில் நீள்சதுர ஓட்டை வெட்டித் தாளின் மேல் வைத்தால் அந்தக் கட்டத்துக்குள் எழுதப் பழகும். பிறகு அட்டையை எடுத்துப் பென்சில் கோடு, பிறகு அதுவும் இல்லை.

12. பழகியதைப் பிடித்து வைப்பது

ஒரு வேலை பழகிவிட்டது என்றால் அதை உங்கள் வேலைப் பட்டியலிலிருந்து முழுதாக எடுத்துவிடுங்கள். அவசரமாகக் கிளம்பும் நாளில் "இன்று மட்டும் நான் செய்கிறேன்" என்று நுழைவதுதான் அதிகம் கெடுக்கிறது. அந்த நாளுக்கு அரை மணி முன்னால் எழுப்புங்கள்.

மாதம் ஒரு முறை எங்கிருந்தாவது மறைந்து நின்று ஒரு முழு வேலையைப் பாருங்கள். போன மாதம் பார்த்தபோது என் மகன் அக்குளைத் தேய்ப்பதை விட்டிருந்தான். அன்று எதுவும் சொல்லவில்லை. மறுநாள் அந்த ஒரு படத்தை மட்டும் சுவரில் திரும்ப ஒட்டினேன், மூன்றாம் நாள் பார்த்தபோது செய்திருந்தான். படத்தை இன்னும் எடுக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை எடுக்க வேண்டும்.